ஸ்பானிஷ் கழுதை

கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கிறது தெய்வா குளோபல் கிட்ஸ் நர்சரி அண்ட் பிரைமரி பள்ளி. அதன் தாளாளர் தெய்வசிகாமணிக்குச் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று ஸ்பெயின் ஞாபகம் வந்தது. சும்மா வரவில்லை. கள்ளக்குறிச்சியில் அவருக்குப் போட்டியாக நடக்கும் இன்னொரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு தினம் கொண்டாடி, தெர்மாகோலில் ஈபிள் கோபுரம் நிறுத்தி, இவருடைய மூன்றாம் வகுப்பில் பாதியைத் தட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அவன் பிரெஞ்சுன்னா நாம ஸ்பானிஷ்" என்றார் தெய்வசிகாமணி.

எதிரே நின்றிருந்தவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை இலக்கியா. வேலைக்கு வந்த அன்று, என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டதற்குத் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டோடு நிறுத்த வெட்கப்பட்டு, ஸ்பானிஷும் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தாள். பி.எட். படிக்கும்போது போனில் ஒரு வாரம் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் அது. ஆப்பிள் சாப்பிடுகிற ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் அந்த மொழியில் அவளால் பேச முடியும். அந்தப் பெண் ஆப்பிளைத் தின்று முடித்தபின் என்ன செய்தாள் என்று கேட்டால் தெரியாது.

"ஸ்பானிஷ் டீச்சர் இருக்காங்கன்னு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்ட்டேம்மா. மெட்ராஸ்லருந்து பாடத்திட்டக் கம்பெனிக்காரரு வராரு. ஸ்பெயின்லயே இருந்தவராம். அவரு சரின்னுட்டா நாம இன்டர்நேஷனலு, நீதான் ஹெச்செம்மு. சொதப்பிட்டன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல கல்லெடுத்து அடிச்சா ஒரு பி.எட்டு மேலதான் வுழும்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். இலக்கியாவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. டீச்சர் வேலையைக் காரணம் காட்டித்தான் மணலூர்பேட்டையில் இருக்கிற அப்பாவிடம் இதுவரை இரண்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக் கழித்திருந்தாள். மூன்றாவதாக வரிசையில் நின்றவன் மாமன் மகன் பிரவீன்குமார். வாயைத் திறந்தால் தன் பைக்கைப் பற்றி மட்டுமே பேசுவான். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே அந்த பைக்கின் பின்சீட்டில் அவளை ஏற்றிவிடுவார்கள்.

ஆகவே ஸ்பெயினை உண்டாக்கும் வேலையில் இறங்கினாள். பெண்பிள்ளைகளுக்குச் சிவப்பு நைட்டித் துணியில் கொசுவம் கொசுவமாகப் பாவாடை. பையன்களுக்குக் கண்மையில் மீசை. காலையில் வந்ததும் வணக்கத்துக்கு 'புவெனஸ் தியாஸ்' சொல்ல வேண்டும், மிஸ் எது சொன்னாலும் நன்றிக்கு 'கிராசியாஸ்' சொல்ல வேண்டும். அடி வாங்கினாலும் கிராசியாஸ்தான். பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள், பாவம்.

விழாவுக்கு உச்சமாக ஒன்று வேண்டுமே என்று வீடியோக்களை மேய்ந்தபோது பின்யாட்டா கிடைத்தது. வண்ணக் காகிதத்தில் கழுதை செய்து, வயிற்றில் மிட்டாயை நிரப்பிக் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைப்பது. இது மெக்சிகோவில்தான் ஜாஸ்தி என்று வீடியோவில் சொன்னதை அவள் தாளாளரிடம் ஒளிக்கவில்லை.

"ரெண்டும் ஒரே பாஷதான? மெக்சிகோ ஸ்பெயின்ல ஒரு தாலுகாவா இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

அட்டையில் செய்த கழுதை மிட்டாயின் கனம் தாங்காமல் வயிறு கிழிந்தது. பள்ளி வேன் ஓட்டுகிற மாயவன் தன் ஊரிலிருந்து ஒரு மண்பானை கொண்டுவந்து கொடுத்தான். அதன்மேல் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்டி, காதும் வாலும் வைத்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலையையும் மாயவனிடமே கொடுத்தாள் இலக்கியா.

"சும்மா புடிச்சிக்கினு நின்னா போதும் மாயவண்ணா."

"இதுகூடத் தெரியாதாங்க மிஸ்" என்றான் அவன்.

மலையடிவாரத்தில் இருக்கிறது மாயவனின் ஊர். கிருஷ்ண ஜெயந்தி வந்தால் அங்கே உறியடி அமர்க்களப்படும். வருஷா வருஷம் உறிக்கயிறு அவன் கையில்தான். போன மாதம்கூட உறியடி முடிந்த மறுநாள், மஞ்சள் தண்ணீர்க் கறை போகாத கையும் காலுமாக வந்த பிள்ளைகளைப் பார்த்துத் தெய்வசிகாமணி குதித்தார். குளோபல் பள்ளியில் இந்தக் காட்டான் பழக்கமெல்லாம் ஆகாது என்றார். அவர் சொன்னபடி அந்தப் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்தவள் இலக்கியா. முன்வரிசையில் முட்டி போட்டவள் கவியா என்கிற மூன்றாம் வகுப்புப் பெண்.

அக்டோபரில் விழா வந்தது. பாடத்திட்டக் கம்பெனியின் அறிவுச்செல்வன் கோட்டு போட்டுக்கொண்டு வேர்வையோடு வந்து இறங்கினார். வெயிலைப் பார்த்து, மேட்ரிட்டில் இவ்வளவு அடிக்காது என்றார். காபியைக் குடித்துவிட்டு, மேட்ரிட்டில் டிகாஷன் இன்னும் கெட்டி என்றார். இலக்கியா பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஸ்பானிஷில் இரண்டு கேள்வி கேட்டால் போதும், அவள் கதை முடிந்தது.

அவர் நேராக அவளிடம் வந்து, "புவெனஸ் தியாஸ்" என்றார். அவளும் "புவெனஸ் தியாஸ்" என்றாள். அவர் சட்டென்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பிழைத்தோம் என்றுதான் தோன்றியது.

சிவப்புப் பாவாடைகள் ஆடி முடித்தன. பெற்றோர்கள் யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகக் கழுதை மேலே ஏறியது. முதல் அடி சிறப்பு விருந்தினருடையது என்று அறிவித்து, அறிவுச்செல்வனின் கண்ணைக் கட்டி, கையில் கோலைக் கொடுத்தாள் இலக்கியா.

அவர் கோலை ஓங்கினார். மாயவன் கயிற்றைச் சுண்டினான். கழுதை மேலே போய்விட்டது, அடி காற்றில் விழுந்தது.

மாயவனைக் குற்றம் சொல்ல முடியாது. பானை தொங்குகிறது, கீழே ஒருவன் கோலோடு நிற்கிறான், கயிறு தன் கையில் இருக்கிறது. ஓங்கும்போது இழுக்காமல் சும்மா நின்றால் ஊரில் அவனைக் காறித் துப்புவார்கள். இரண்டாம் அடிக்கும் இழுத்தான். பெற்றோர் பக்கமிருந்து விசில் வந்தது. அதுவரை கிராசியாஸ் சொல்லிக்கொண்டு விறைத்து நின்ற பிள்ளைகளுக்குத் திடீரென்று உயிர் வந்தது. உறியடிக்கிறவன் முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்தில் தொங்கிய வாட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டு கவியா முன்னால் ஓடினாள், மற்றதுகள் பின்னால் ஓடின.

கோட்டு நனைந்தது, டை நனைந்தது, மூக்குக்குள் தண்ணீர் போனது. அறிவுச்செல்வன் கோலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"யோவ், கயித்த கீழ வுடுய்யா. எங்க எலவனாசூர்கோட்டையிலகூட மூணு தபாக்கு ஒரு தபா வுடுவாங்கய்யா."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மேட்ரிட்டிலிருந்து வந்தவரின் சொந்த ஊர் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. அவர் கண்கட்டை அவிழ்த்தார். தெய்வசிகாமணி அவரைப் பார்க்கவில்லை, இலக்கியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு முழுசாக இருந்தது. அதற்குப் பின்னால் பிரவீன்குமாரின் பைக் உறுமிக்கொண்டிருந்தது.

புவெனஸ் தியாஸோடு இந்த மனுஷன் ஏன் நிறுத்திக்கொண்டார் என்று இப்போது அவளுக்கு உறைத்தது. மைக்கைக் கையில் எடுத்தாள்.

"மேட்ரிட்லயும் இப்டித்தானங்க சார் பண்ணுவாங்க?"

அறிவுச்செல்வன் முகத்தைத் துடைத்தார். இல்லை என்று சொன்னால், பிறகு எப்படிப் பண்ணுவார்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். மெல்லத் தலையசைத்தார்.

"கரெக்ட். அச்சு அசல் இதேதான். தண்ணிகூட இப்டித்தான் அடிப்பாங்க."

தெய்வசிகாமணி எழுந்து நின்று கைதட்டினார். பெற்றோர்களும் தட்டினார்கள். ஸ்பெயின்காரனும் நம்மைப்போலத்தான் என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அடுத்த வருஷத்திலிருந்து பின்யாட்டாப் பயிற்சி உண்டு, அதற்குக் கட்டணம் தனி என்று அங்கேயே அறிவிப்பு வந்தது. இலக்கியாவைத் தலைமையாசிரியை என்று கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

சால்வையோடு இறங்கியபோது கவியா எதிரில் நின்றாள். கையில் காலி பாட்டில்.

"மிஸ், இத்த வெளாண்டதுக்குத்தான அன்னிக்கி எங்கள முட்டி போட வச்சீங்க?"

அவள் வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இலக்கியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம், தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தாள். தெய்வசிகாமணி இரண்டடி தள்ளி நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அது உறியடி. இது ஸ்பானிஷ். போய் வரிசைல நில்லு."

கவியா காலி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"கிராசியாஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போனாள்.