போயிட்டு வரேம்மா

சினிமாக்காரர்களுக்கு ஒரு சைக்கோ கிடைத்துவிட்டால் போதும், முதல் வேலையாக அவன் கையில் வயலினைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வெள்ளைச் சட்டை, ரத்தம் துடைக்கத் தனியாக ஒரு கைக்குட்டை. ஜஹபர் நிஷாவின் மகன் அஃப்சலுக்கு ஒழுங்காக விசிலடிக்கக்கூட வராது.

அவன் ஆளை மயக்குகிற பேச்சுக்காரன், அவ்வளவுதான். நோணாங்குப்பத்தில் படகு வேலைக்குப் போன இடத்தில், அம்மா மௌத்தாகிவிட்டாள் என்று அழுது, சிநேகிதர்கள் வீட்டிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்ததே ஜஹபர் நிஷாதான். இன்னொரு நாள் கூட வேலை செய்தவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவன் தத்தளிப்பதைப் பார்த்தபடி கரையில் நின்று டீ குடித்தான். வேறு யாரோ குதித்துத் தூக்கினார்கள். டாக்டர் அதற்கு 'சமூகவிரோத ஆளுமைக் கோளாறு' என்று நீளமாக ஒரு பேர் சொன்னார். தெருவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சைக்கோ என்று சுருக்கிவிட்டது.

அவன் ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம். ஒரு போன் கிடையாது. தெரு நிம்மதியாகத் தூங்கியது. பெற்றவளுக்குத்தான் தூக்கம் போனது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்தாள்.

புதுப்படத்து வில்லன் அச்சு அசல் அஃப்சல்தான் என்று யாரோ சொல்ல, படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகள் அஃப்ஷீனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. வெட்டு குத்துன்னு இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும். அந்த மாதிரி புள்ளைங்க கடைசில அம்மாகிட்ட திரும்பி வருதான்னு பாக்கணும்டி."

மதியக் காட்சிக்குப் போனார்கள். திரையில் ஒரு டாக்டர், இவனுக்குப் பாசம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அடித்துச் சொன்னார். மூன்று கழுத்து அறுபட்டது. அஃப்ஷீன் கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஜஹபர் நிஷா கத்தியைப் பார்க்கவே இல்லை. அடுப்படியில் நின்ற வில்லனின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வில்லன் பையைத் தூக்கினான். வாசலில் நின்று திரும்பி, சிரித்தபடி சொன்னான்:

"போயிட்டு வரேம்மா."

அவன் கொலை செய்யத்தான் போகிறான் என்று தியேட்டருக்கே தெரியும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துப் போயிட்டு வாப்பா" என்றாள் ஜஹபர் நிஷா, சத்தமாக.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரிக்க, வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அஃப்ஷீன் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பீச் ரோடு வரை கையை விடவில்லை. கடற்கரைச் சுவரில் உட்காரவைத்துவிட்டு அஃப்ஷீன் கேட்டாள்.

"இன்னாம்மா இது? அது படம்மா."

"தெரியும்டி."

"அவன் சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றான். ஒரு பாசமும் கெடையாது."

"அதுவும் தெரியும்டி."

அஃப்சல் போன அன்றைக்கும் அப்படித்தான் கையில் பையோடு வாசலில் நின்றான். சொல்லவேண்டிய பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவனோ, "போறேன்" என்றான். அவ்வளவுதான். முக்குக் கடைக்குச் சோப்பு வாங்கப் போகிறவன்கூட 'வரேன்' என்றுதான் வீட்டைவிட்டு இறங்குவான். உன்னிடமாவது உண்மையைச் சொன்னானே என்று அஃப்ஷீன் அப்போது தேற்றியிருந்தாள். அந்த ஆறுதல் அன்றைக்கும் ஒட்டவில்லை, இன்றைக்கும் ஒட்டவில்லை.

"ஊரெல்லாம் பொய் சொன்னான். உசுரோட இருக்கிற என்னையே சாவடிச்சான்" என்றாள் ஜஹபர் நிஷா. "அந்த ஒரு பொய்ய எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

அம்மாவின் முக்காட்டைக் காற்று தள்ளியது. அஃப்ஷீன் அதைச் சரிசெய்துவிட்டாள்.

"நாளைக்கும் அந்தப் படம் ஓடுதாடி?"

"ஓடும். எதுக்கும்மா?"

"அவன் பையத் தூக்கிட்டு அதச் சொல்ற வரைக்கும் பாத்தா போதும்."