மஞ்சள் தங்கூஸ்

படகைத் தண்ணீரில் இறக்கும்போதே, வெல்டனின் தூண்டில் கோலில் சுற்றியிருந்த நைலான் நரம்பை, தங்கூஸை, கிளீட் பார்த்துவிட்டான்.

"மச்சான், கோல்ல என்னது அது? மஞ்சளா?"

வெல்டன் காபியை விட்டு வாயை எடுக்கவில்லை. "கடையில வேற இல்ல."

"மஞ்சள் தங்கூஸ் குருட்டுப் பயலுகளுக்குன்னு சொன்னது யாரு? போன வருஷம் கார்வின் அதைச் சுத்திட்டு வந்தப்ப, துறையில நின்ன அத்தனை பேர் முன்னாலயும், 'ஏன்டா, துணி காயப்போடவா'ன்னு கேட்டியே. பாவம், அவன் மூஞ்சி செத்துப்போச்சு."

"கேட்டேன். இப்ப கடையில வேற இல்ல. கயித்த விடுறியா, இல்ல நான் வீட்டுக்குப் போகவா?"

கிளீட் சிரித்துக்கொண்டே கயிற்றை விட்டான். அவன் வெல்டனின் தங்கை டார்லாவைக் கட்டியவன். படகு அவனுடையது. முன்னால் நின்று, சின்ன மோட்டாரைக் காலால் மிதித்துப் படகை ஓட்டுவதும் அவன்தான். பின்னிருக்கை வெல்டனுடையது. கேன் ஃபோர்க் ஏரியில் சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். மீன் எங்கே கிடக்கிறது என்று கிளீட்டுக்குத் தெரியும். அதைத் தூக்க வெல்டன் வேண்டும். கிளீட்டுக்குப் பொறுமை கிடையாது. தூண்டிலை எறிவான், சுற்றுவான், எறிவான், பேசுவான்.

இரையாகக் கோக்கும் ரப்பர் புழு அப்படி ஓடுகிறவனுக்கு மசியாது. அதை அடியில் போட்டுவிட்டு, கோல் நுனியை மெல்லத் தூக்கி, விட்டு, காத்திருக்க வேண்டும். பாஸ் மீன் அதைக் கடித்து இழுக்காது. தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும்; பிடிக்கவில்லையென்றால் துப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே தங்கூஸ் வழியாக ஒரே ஒரு தட்டு மேலே வரும். அடுத்த அறையில் யாரோ நகத்தால் சுவரைச் சுண்டியதுபோல. அதற்குள் கோலை வீசி இழுத்துவிட வேண்டும். வெல்டன் தங்கூஸை ஆள்காட்டி விரலின் மேல் படுக்கப்போட்டுப் பிடிப்பான். அந்தச் சுண்டல் அவனுக்குத் தவறியதே இல்லை. அவன் பிடித்த மீனுக்கெல்லாம் தூண்டில் முள் மேல்வாயில்தான் ஏறியிருக்கும்.

அந்த விரல் போன குளிர்காலத்தில் செத்துப்போனது.

கோழி ஆலையில் இரவு வேலை. குளிர்ந்த நெஞ்சுக்கறியிலிருந்து எலும்பைப் பிரிக்கிற வரிசையில், ஒரே கத்தி, ஒரே திருப்பு, வருடக்கணக்காக. முதலில் தூக்கத்தில் கை மரத்தது. பிறகு விழித்திருக்கும்போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இப்போது வேறு யாருடையவோ போல இருந்தன. ஆலை மருத்துவர் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்து, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். பட்டை பிக்கப் வண்டியின் முன்பக்கச் சின்னப் பெட்டிக்குள் கிடக்கிறது. வெல்டன் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் பின்னிருக்கை கார்வினுக்குப் போகும். கார்வின் இரண்டு வருடமாக அதற்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். இளரத்தம், நல்ல கை. வெல்டனுக்கு ஆலை, தூக்கம், தொலைக்காட்சி போக வாரத்தில் மிஞ்சுவது இந்த இருக்கை ஒன்றுதான். அது போனால் சனிக்கிழமை காலையில் எங்கே உட்காருவது என்று அவன் யோசித்துப் பார்த்திருந்தான்.

அதனால் வசந்தத்திலிருந்து அவன் கண்ணால் மீன் பிடித்தான். தங்கூஸ் தண்ணீருக்குள் நுழைகிற இடத்தை முறைத்துக்கொண்டே இருந்தால், மீன் தொடும்போது அது லேசாகத் துடிப்பது தெரியும். பாதி மீன் தப்பும். பாதி கிடைக்கும். கண்ணும் களைத்துப்போகவே, எளிதாகக் கண்ணில் படும் மஞ்சளுக்கு மாறினான். இன்று மீன்பிடிச் சங்கத்தின் வருடக் கடைசிப் போட்டி. தேறினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

ஏரிக்கு நடுவே மூழ்கிக் கிடக்கிற பழைய சாலையின் விளிம்புக்குக் கிளீட் படகைக் கொண்டுவந்தான். தெற்குக் காற்று ஏறிவிட்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் சிற்றலை, அதன் மேல் வெயில் சில்லு சில்லாக. வெல்டன் தண்ணீரைப் பார்த்தான். மஞ்சளும் தெரியாது, கறுப்பும் தெரியாது என்று புரிந்தது.

புழுவைக் கோக்க உட்கார்ந்தான். ஈயக்குண்டு நகராமலிருக்க அதன் துளையில் பல்குத்தும் குச்சியைச் செருகி ஒடித்தான். பிறகு முள்ளைப் புழுவின் தலையில் குத்தி, கொஞ்சம் தள்ளி வெளியே எடுத்து, திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைக்க வேண்டும். புழு நேராகத் தொங்க வேண்டும். கோணினால் தண்ணீரில் பம்பரம்போலச் சுற்றும், எந்த மீனும் சீந்தாது. முன்பெல்லாம் இதை வேறெங்கோ பார்த்துக்கொண்டே செய்வான். இப்போது மூக்குக்கு நேரே வைத்துச் செய்தான். முதல் புழு கிழிந்தது. இரண்டாவது கோணியது.

"என்ன மச்சான், புழுவுக்குக் கல்யாண அலங்காரமா?"

"உன் வேலையப் பாரு, மாப்ள."

"பாத்துட்டுதான் இருக்கேன். சரி, கதைய கேளு. நம்ம சர்ச்சுல புதுப் பாதிரியார் இருக்காருல்ல, போன ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். தொட்டித் தண்ணி சில்லுன்னு இருக்குன்னு, மனுசன் அங்கிக்குள்ள இடுப்பு வரைக்கும் மீன்பிடி ரப்பர் காலுடுப்பை மாட்டிட்டு இறங்கிட்டாரு. யாருக்கும் தெரியாது. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கேன்..."

கிளீட் எறிந்தான், சுற்றினான், பேசினான். வெல்டன் காதை மூடிக்கொண்டு புழுவை இறக்கினான். தூக்கி, விட்டு, காத்திருந்தான். அலையில் தங்கூஸ் சும்மாவே துடித்தது. எது அலை, எது மீன்? ஒருமுறை மீன் என்று நினைத்து வெறும் தண்ணீரில் கோலை வீசி இழுத்தான். இன்னொருமுறை சுற்றி எடுத்தபோது, புழு முள்ளின் வளைவுக்குக் கீழே சுருண்டு இறங்கியிருந்தது. மீன் வாயில் வைத்திருந்து, பிடித்து இழுத்துப் பார்த்து, துப்பிவிட்டுப் போயிருக்கிறது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிளீட் திரும்புவதற்குள் புழுவை மேலே ஏற்றிவிட்டான்.

பிறகு ஒருமுறை தூக்கியபோது கோல் கனத்தது.

"மீன்!" என்றான்.

"ஐயோ, வலை எங்க, வலை எங்க?" கிளீட் தாவி வந்து கைவலையில் அள்ளினான். நல்ல மீன், அந்த நாளை மாற்றக்கூடிய மீன். கிளீட் கூவவில்லை. அதன் வாயைப் பிளந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றான்.

"தொண்டைக்குள்ள போயிருக்கு, மச்சான்."

"ம்."

"குடல் வாசல்ல மாட்டியிருக்கு. இவ்வளவு தூரம் முழுங்குற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"நீ பாதிரியார் கதை சொல்லிட்டிருந்த."

கிளீட் சிரிக்கவில்லை. முள்ளை உள்ளேயே விட்டு, தங்கூஸை ஒட்ட வெட்டி, மீனைப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டான். செவுளில் ரத்தம் கசிந்து தொட்டித் தண்ணீர் சிவந்தது. மீன் ஒருக்களித்தது. செத்த மீனுக்கு எடையில் கழிப்பார்கள். அதைவிட, செத்த பாஸைத் தராசுக்குக் கொண்டுபோகிறவனைத் துறையில் யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள்.

வெல்டன் அவசரமாகப் புது முள் கட்டி, புதுப் புழுவைக் கோத்தான். கிளீட் முன்னால் போகாமல் அங்கேயே நின்றான். தளத்துக் கம்பளத்தைப் பார்த்தான்.

"மீன் அந்தப் பக்கம் வரவேயில்லையே. ரத்தம் எப்படி அங்க வந்துச்சு?"

வெல்டன் குனிந்து பார்த்தான். அவன் காலடியில் சொட்டு சொட்டாகச் சிவப்பு. கட்டைவிரலைத் திருப்பினான். முள் புழுவைத் துளைத்து வெளியே வந்து, விரலின் சதைக்குள் இறங்கியிருந்தது. பின்னுக்கு இழுத்தால் வராதபடி நுனிக்குக் கீழே இருக்கும் சின்னப் பல்லும் உள்ளே போயிருந்தது.

"வலிக்கலையா?"

"வலிக்குது," என்றான் வெல்டன். கொஞ்சம் தாமதமாக.

"உக்காரு." கிளீட் ஒரு துண்டுத் தங்கூஸை முள்ளின் வளைவில் சுற்றிப் பிடித்து, முள்ளின் தலையை விரலோடு அழுத்தினான். இந்த வேலையை ஏரியில் எல்லாரும் ஒருவருக்கொருவர் செய்திருக்கிறார்கள். கத்தாத ஆள் கிடையாது. "மூணு எண்ணுவேன். ஒண்ணு..."

இரண்டு சொல்லாமலே வெடுக்கென்று இழுத்தான். முள் பறந்து தண்ணீரில் விழுந்தது. வெல்டன் கிளீட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் என்ன ஓடுகிறது என்று.

"எடுத்துட்டியா?" என்று கேட்டான்.

கிளீட் அவன் கையை விடவில்லை. ஆள்காட்டி விரலின் நுனியை நகத்தால் கிள்ளினான். நடுவிரலையும் கிள்ளினான். வெல்டன் சும்மா இருந்தான். இனி நடிக்க ஒன்றுமில்லை.

"எப்பலருந்து?"

"குளிர்காலத்துலருந்து."

"வசந்தம் முழுக்க? கோடை முழுக்க?"

"ம்."

கிளீட் கையை உதறிவிட்டு எழுந்தான். படகு ஆடியது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமாடா உனக்கு? ஏரி எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சேன். மீன் இருக்குன்னு உன்னைக் கொண்டுபோய் நிறுத்துறேன், நீ வெறும் புழுவத் தூக்குற. வெல்டன் விரல் தப்பே பண்ணாது, அப்ப இடம்தானே தப்பு? நல்லாருந்த மெஷினத் தூக்கிப் போட்டுட்டு, மீன் காட்டுற புது மெஷின் வாங்கினேன். அப்பவும் அதே கதை. டார்லாகிட்ட சொன்னேன், எங்கப்பன் மாதிரி எனக்கும் புத்தி மழுங்குது போலன்னு. அவ அழுதுட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. குழாய்க்குள்ள படுக்க வச்சாங்க, மச்சான்! உன் விரலுக்காக என் தலையப் படம் எடுத்தாங்க!"

வெல்டனுக்கு இது தெரியாது. டார்லா சொல்லவில்லை. அவன் தன் கையை மட்டும்தான் மறைத்தான். அதன் எடை படகின் மறுபக்கத்தில் போய் இறங்கும் என்று நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தான். வாயில் வந்தது வேறு.

"கார்வின் சீட்டுக்கு நிக்கிறான்."

"நிக்கிறான். நேத்துகூட போன் பண்ணான்." கிளீட் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மூடினான். "போயிடுச்சு."

காற்று படகை விளிம்பைவிட்டுத் தள்ளிக்கொண்டு போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை.

"காலு எப்படி? அதுவும் செத்துப்போச்சா?" என்றான் கிளீட்.

"காலு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப முன்னால போய் மிதி."

"என்னது?"

"காதும் போச்சா? போய் மிதிய்யா."

அந்த மிதியை டார்லாகூடத் தொட்டதில்லை. வெல்டன் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். கிளீட் மஞ்சள் தங்கூஸ் கோலை எடுத்துக்கொண்டு பின்னிருக்கையில் தொப்பென்று விழுந்தான்.

படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காற்று ஒரு பக்கம் இழுத்தது, மோட்டார் ஒரு பக்கம். மூழ்கிய மரத்துண்டு ஒன்றில் மோதினான். பின்னாலிருந்து வசவு வந்தது. மீன் காட்டும் மெஷினின் திரையில் பழைய சாலையின் விளிம்பு கோடாக வந்து வந்து போனது. இத்தனை வருடமாக முதுகைக் காட்டி நின்றவன், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, இதையெல்லாம் ஒரு காலால் பிடித்து நிறுத்தியிருக்கிறான். வெல்டன் மெல்ல மெல்லக் காற்றுக்கு எதிரே படகின் மூக்கைத் திருப்பினான். கோடு திரையில் நின்றது.

"இங்க போடு," என்றான் திரும்பாமல்.

தண்ணீரில் புழு விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கிளீட்டால் அதைத் தாங்க முடியாது என்று வெல்டனுக்குத் தெரியும்.

"அந்தப் பாதிரியாரு," என்று பின்னால் குரல் தொடங்கியது. கோபம் இன்னும் அதில் இருந்தது. "காலுடுப்புக்குள்ள மேல் வழியா தண்ணி இறங்கிடுச்சு. மனுசனால காலத் தூக்க முடியல. ஞானஸ்நானம் வாங்க வந்த பொம்பள நல்ல கனம். அவளை முக்குறதுக்குப் பதிலா இவரு முங்குறாரு. அவ என்ன பண்ணா, பாதிரியாரோட அங்கியப் புடிச்சு..."

குரல் நின்றது.

கிளீட் வாக்கியத்தின் நடுவே வாயை மூடி வெல்டன் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தான். மோட்டார் அடங்கியது. ஏரி முழுக்க அலைச் சத்தம் மட்டும்.

பின்னால் கோல் விர்ரென்று வீசப்பட்டது. ஒரு கணம் கனத்து இழுத்தது. பிறகு கிளீட் கெட்ட வார்த்தை சொன்னான். தங்கூஸைத் தொய்வோடு விட்டு வீசியிருக்கிறான், மீன் போய்விட்டது. சுற்றி எடுத்தான். புழு முள்ளின் வளைவில் சுருண்டிருந்தது.

கிளீட் அந்தச் சுருண்ட புழுவை விரலால் உருட்டிப் பார்த்தான்.

"அவ்வளவுதானா அது?" என்றான் கிளீட் கடைசியில். "ஒரு சின்ன டிக்?"

"அவ்வளவுதான்."

"இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் அந்த ஆட்டம் போட்ட?"

"ஆமா."

கிளீட் புழுவை மேலே ஏற்ற முயன்றான். கோணியது. கழற்றித் திரும்பவும் கோத்தான்.

"ஆலையில பாதிப்பேருக்கு வர்றதுதானே. கையை அறுத்துக்கோ," என்றான் கிளீட், புழுவைப் பார்த்துக்கொண்டே.

"அறுத்தா வரிசையில நிக்க விடமாட்டாங்க. பெட்டி அடுக்கப் போடுவாங்க."

"அப்ப பெட்டி அடுக்கு."

மாநிலப் போட்டி போய்விட்டது; செத்த மீனை இருவரும் தராசுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. அதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"கார்வின்கிட்ட என்ன சொல்லப் போற?"

"பின்சீட்டுல ஆள் இருக்குன்னு சொல்லுவேன்."

"யாரு?"

"நான்தான். தெரியலையா?" கிளீட் கோணல் புழுவையே தண்ணீரில் எறிந்தான். "படகு நகருது பாரு. ஒழுங்கா மிதி."

வெல்டன் மிதித்தான். கோடு மறுபடி திரைக்கு வந்தது. பின்னால் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. அவன் அதற்காகக் காத்திருந்தான்; அது தொடங்குவதற்கும், பிறகு நிற்பதற்கும்.