வண்டியேறிப் போன பூளை

பவளமல்லி நகரில் பவளமல்லி ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் குரோட்டன்ஸும், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ரிசர்வ் சைட்டும்தான். சிங்காநல்லூர்ப் பக்கம் மனை போட்டு விற்றவர், பூங்கா வருமென்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போன இடம். பூங்காவுக்கு முன்னால் சீமைக்கருவேலம் வந்துவிட்டது.

அந்த இடத்தின் மேல் இரண்டு பேருக்குக் கண். ஒருவர் சங்கச் செயலாளர் லட்சுமணசாமி. ரிட்டயரான அன்றைக்கு வேட்டியை மடித்து வைத்தவர், அதற்கப்புறம் அரைக்கால் சட்டையிலேயே இருக்கிறார். கல்யாணங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்கு அங்கே ஷட்டில் கோர்ட் வேண்டும். இன்னொருவர் மூன்றாம் வீதி நாச்சியம்மாள், பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற செங்கோட்டையனின் மனைவி. அவளுக்கு அங்கே நம்ம மண்ணுச் செடிகள் வேண்டும்.

ஆடியில் சங்கக் கூட்டத்தில் இருவருக்கும் சண்டை. கொங்குச் சண்டைதான், திட்டுக்குத் திட்டு ஒரு 'ங்க'. மரியாதை தாங்க முடியாமல் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் நாச்சியம்மாள் எழுந்தாள்.

"வர்ற காப்புக்கட்டுக்கு நம்ம நகர்ல ஒரு வாசலும் கடைக்கட்டு வாங்க வேண்டாமுங்க. எல்லா ஊட்டுக்கும் இந்த சைட்டுலருந்து நான் குடுக்கறேன். ஒரே ஒரு வாசல் விட்டுப்போனாலும் நீங்க வலை கட்டிக்குங்க. நானே வந்து கம்பம் புடிச்சுக்கறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?" என்றார் லட்சுமணசாமி.

"நானென்ன உங்களாட்ட மீட்டிங் போட்டா பேசறேன்?"

போகியன்று பொழுது சாய்வதற்குள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகினால் அதுதான் காப்பு. வேம்பு எங்கும் உண்டு. ஆவாரம் மஞ்சளாகப் பூத்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பூளைதான் சிக்கல். நகரத்து ஆட்கள் அதை ரோட்டோரத்தில் வாடிய கட்டாக வாங்கித்தான் பழக்கம். அது வேரோடு மண்ணில் நிற்கும் சங்கதி என்பதே பல பேருக்குத் தெரியாது.

விதைக்கு அலைந்தது நாச்சியம்மாள். பால் பாக்கெட்டில் மண் நிரப்பி மொட்டைமாடியில் முளைக்க வைத்தது பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா. கோட்டைமேட்டில் பிறந்தவள், ஜவுளிக்கடை பஷீரின் மனைவி. காப்புக் கட்டாத வீட்டுக்காரிக்கு இதில் என்ன வேலை என்று நாலு பேர் கேட்டார்கள். கேட்காமல் இருந்துவிடுவார்களா?

"எங்க ஊட்டுக்காரருக்குக் கிட்னியில கல்லு வந்தப்ப, கஷாயத்துக்கு இந்தப் பூளையத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சேனுங்க" என்றாள் அவள். கல் கரைந்ததா என்பதை அவளும் சொல்லவில்லை, பஷீரும் சொல்லவில்லை. 

பிறகு பார்க்கவேண்டுமே! ஞாயிறானால் நகரே சைட்டில். கருவேலத்தை வேரோடு எடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு வரிசை ஆவாரம் என்று பிரித்துக்கொண்டார்கள். துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் குடத்தில் ஊர்வலம் வந்தது. "எங்களுது மொட்டு விட்டாச்சுங்க, உங்களுது இன்னும் இல்லீங்களா?" என்று பிள்ளைகளின் மார்க்கைக் கேட்பது போலக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். மார்கழியில் ஆவாரம் மஞ்சளாய் மின்ன, அதன் காலடியில் இரண்டு பெண்களும் நட்டுவைத்த பூளை வெள்ளை வெள்ளையாய்க் கதிர் விட்டிருந்தது. நாச்சியம்மாள் தினமும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, லட்சுமணசாமி வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அது சுற்றுவழி என்பது எல்லோருக்கும் தெரியும்.

போகி வந்தது. மத்தியானத்துக்கு மேல் அறுத்துக்கொள்ளலாம் என்று, காலையில் ஹபீபுன்னிசாவின் ஸ்கூட்டரில் ஏறி நாச்சியம்மாளும் அவளும் காந்திபுரம் போனார்கள், பொங்கலுக்குச் சேலை எடுக்க. பஷீர் கடையில் ஊதாவா பச்சையா என்று விசாரணை முடிகிற நேரத்தில் போன் டிங்கென்றது. நகர் குழுவில் ஒரு போட்டோ. செங்கோட்டையன், லட்சுமணசாமி, பின்னால் பாதி நகரம், எல்லார் கையிலும் மண்வெட்டி, வாயில் போண்டா. 'போகி மாபெரும் சுத்தம்! நாச்சியம்மாள் அக்காவுக்கு சர்ப்ரைஸ்!'

போட்டோவில் ஆவாரம் நின்றது. அதன் காலடி மட்டும் மொட்டையடித்த தலை மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"ஏனுங்க," என்றாள் நாச்சியம்மாள் போனில், குரலை அடக்கிக்கொண்டு, "கீழ வெள்ளையா ஒரு செடி இருந்துச்சே, எங்கீங்க?"

"அந்தக் களையா அம்மணி? ஒன்னு விடாமப் புடுங்கிப்போட்டோம். நெம்ப சுத்தமாயிருச்சு, பாத்தியா?" செங்கோட்டையனுக்குப் பாராட்டு வரப்போகிற பூரிப்பு.

"அது களையில்லீங்க. பூளைங்க."

செங்கோட்டையன் போண்டாவை விழுங்கினார்.

"பூளைன்னா கட்டா, காஞ்சுபோயில்ல இருக்கும்?"

"நீங்கதானுங்க நித்தம் தண்ணி ஊத்துனீங்க!"

"நான் ஆவாரத்துக்கல்ல ஊத்துனேன். பக்கத்துல இருந்ததுக்கும் பாஞ்சிருச்சாட்ட இருக்குது."

"சுத்தம் பண்றது யாரு ரோசனைங்க?"

"செயலாளரு சொன்னாருங்க... பாவம், மொதல் ஆளா அவருதான் குனிஞ்சாரு."

பாவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிடுங்கியது எங்கே? செங்கோட்டையன் பட்டறையின் சின்ன யானை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் ஐயாசாமி பல்லடத்துக்கு லோடு கொண்டுபோகிறான். அங்கே அவன் அண்ணன் ஆடு வளர்க்கிறார். வண்டி ஓட்டும்போது ஐயாசாமி போனை எடுக்க மாட்டான். அவ்வளவு ஒழுங்கான பையனை வேலைக்கு வைத்ததற்காக நாச்சியம்மாள் அன்றுதான் முதல் முறையாக வருத்தப்பட்டாள்.

"ஏறுங்கக்கா," என்றாள் ஹபீபுன்னிசா. "ஆடு திங்கறதுக்கு முன்னால போயிருவோம்."

திருச்சி ரோட்டில் அன்று அந்த ஸ்கூட்டரைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பின்னால் உட்கார்ந்த நாச்சியம்மாள் மடியில் சேலைப் பை, கையில் இன்னொரு பை, வாயில் சகல தெய்வங்களும். ஹபீபுன்னிசா வாயில் ஒரே ஒரு இறைவன். வேகத்தடை வந்தபோதெல்லாம் இரண்டு பிரார்த்தனையும் சேர்ந்தே ஒலித்தன. சிங்காநல்லூர் தாண்டியதும் ரோட்டில் ஒரு வெள்ளைக் கதிர் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"நம்ம புள்ளைங்கதானக்கா!" என்று கத்தினாள் ஹபீபுன்னிசா. ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள். நாச்சியம்மாளுக்கு அழவேண்டும் போல ஆரம்பித்தது, எப்படியோ சிரிப்பாக வெளியே வந்தது. அது நிற்கவே இல்லை.

ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு பேக்கரி வாசலில் சின்ன யானை நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பத்திருபது பெண்கள். ஐயாசாமி ஒரு கையில் டீயும் மறு கையில் பூளையுமாக விநியோகம் நடத்திக்கொண்டிருந்தான்.

"நோம்பி நாளு அதுவுமாக் கேக்கறாங்க. இல்லீன்னு சொல்ல முடியுமாங்கக்கா?" என்றான், முதலாளியம்மாவைக் கண்டதும்.

முடியாதுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. எதிரே நின்ற அம்மாள் பூளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நல்லா இருக்கோணும் கண்ணு" என்று வாழ்த்தினாள். இந்த மரியாதையோடு நின்றால் கம்பம் பிடிக்கப் போகவேண்டியதுதான். ஹபீபுன்னிசா அந்தச் சங்கடத்தையெல்லாம் பிறந்த கோட்டைமேட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள். சேலைப் பையை வண்டிக்குள் எறிந்தாள், பின்னாலேயே ஏறி மிச்சக் குவியலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க, ஸ்டாக்கு முடிஞ்சுதுங்க!"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. கலைந்த பிறகுதான் வண்டியின் அந்தப் பக்கம் ஒரு ஜோடி முழங்கால் தெரிந்தது. அரைக்கால் சட்டை. தோளில் ராக்கெட் பை. பையின் வாயிலிருந்து வெள்ளைக் கதிர் எட்டிப்பார்த்தது.

"ஏனுங்க செயலாளரே," என்றாள் நாச்சியம்மாள் தேனாக, "இத்தன தூரம்?"

"சும்மாங்க... ஊட்டுல காப்புக்கட்டு வாங்கியாரச் சொன்னாங்க. நம்ம மார்க்கெட்டுல தீந்துபோச்சு."

"இது யாரு வண்டின்னு பாக்கலீங்களா?"

லட்சுமணசாமி அப்போதுதான் வண்டியைப் பார்த்தார். காலையில் அவரே தன் கையால் ஏற்றிவிட்ட வண்டி. களையென்று நினைத்துப் பிடுங்கினாரா, பூளையென்று தெரிந்து பிடுங்கினாரா என்று நகரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்த நாச்சியம்மாள், தெரியாமல்தான் என்கிற கட்சி.

"நம்ம சைட்டுப் பூளைங்க அது. அப்ப மொத வாசல் உங்களுதுங்க," என்றாள்.

பொழுது இறங்க இறங்க, நகரே சைட்டில் உட்கார்ந்து கட்டியது. பஷீர் கடையிலிருந்து துணி கட்டும் நூல்கண்டு வந்தது. செங்கோட்டையன் தலை நிமிராமல் கட்டினார். நிமிர்ந்தால் மனைவி கண்ணில் படவேண்டும். பேக்கரி வாசலில் பாதி போய்விட்டதால் கட்டெல்லாம் ஒல்லி. "டயட்டுல இருக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தாள் நாச்சியம்மாள். ஒவ்வொரு வாசலாக ஏறியது. கடைசியில் வேப்பிலை மிச்சம், ஆவாரம் மிச்சம், பூளை தீர்ந்துபோனது.

ஒரே ஒரு வாசல் பாக்கி. நாச்சியம்மாள் வீடு.

ஒரே ஒரு வாசல் விட்டுப்போனாலும் என்று ஆடியில் அவள் சொன்னது எல்லோர் காதிலும் இருந்தது. வானம் சிவந்துவிட்டது. நாச்சியம்மாள் லட்சுமணசாமியைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். ராக்கெட் பையின் ஜிப்பைத் திறந்தார்.

"ரெண்டு கட்டு எடுத்துப்போட்டேனுங்க. ஃப்ரீயாக் குடுத்தாங்க, அதனால."

நகரம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரே ஸ்டூல் போட்டு ஏறி அவள் வாசலில் செருகினார். இறங்கியவர் மெதுவாகக் கேட்டார்: "ஓரமா ஒரு வலை மட்டும்..."

"கட்டிக்குங்க. ஆவாரத்துக்குள்ள பந்து விழுந்தா நான் எடுத்துத் தரமாட்டேன்."

சித்திரை மழைக்கு அப்புறம் லட்சுமணசாமி வீட்டு வாசலில், டைல்ஸ் சந்துகளில், அந்த ராக்கெட் பையை உதறிய இடத்திலெல்லாம் பூளை முளைத்துவிட்டது. பெருக்க வந்த ஆளிடம், "அத மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகத் தண்ணீர் ஊற்றுகிறாராம். நாச்சியம்மாளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் அந்தச் சுற்றுவழியில்தானே போகிறாள்.