ஹோப்பேட்ச் கோட்டைக்குக் களை எடுத்த கதை

எங்கள் ஹோப்பேட்ச் கோட்டையை, இங்கிலாந்து எல்லை தாண்டி வந்த வேல்ஸ்காரர்கள் ஏணி போட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒரு ராஜாவின் ஆட்கள் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மழை வந்து சுரங்கம் நிரம்ப, நனைந்துகொண்டே திரும்பிப் போனார்கள். தொள்ளாயிரம் வருஷமாக யாராலும் முடியாததை நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை, தோட்டக் கத்தரியை வைத்துக்கொண்டு, தேநீர் இடைவேளைக்குள் முடித்துவிட்டோம்.

கோட்டை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மேவிஸ் கிட்டின்ஸின் ஆட்டு மேய்ச்சலுக்கு நடுவே ஒரு மண்மேடு. அதன் உச்சியில் ஜன்னல் ஓட்டையோடு ஒற்றைச் சுவர். மீதிக் கோட்டை எங்கே என்று கேட்டால் ஊர் முழுக்கக் காட்டலாம். தேவாலய மதிலில் கொஞ்சம், என் பப்பின் கணப்படுப்பில் கொஞ்சம், மேவிஸின் பன்றிக் கொட்டிலில் ரொம்பவே அதிகம். அவள் பன்றிகள் அளவுக்கு இங்கே யாரும் பிரபு வாழ்க்கை வாழ்ந்ததில்லை. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில்கூட எங்கள் கோட்டை ஏறவில்லை. பார்க்க வந்த அதிகாரி மழைக்கு என் பப்பில் ஒதுங்கினார். மழை விட்டதும் அப்படியே ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் கோட்டைக்கு ஒரு வாரிசு இருந்தார். கமாண்டர் லயனல் பாண்ட்ரெல். கடற்படையில் டின் இறைச்சிக் கிடங்கைக் கட்டிக் காத்தவர். ஓய்வு பெற்று இங்கே குடியேறியதும் பழைய பிரபு வம்சத்தார் பாணியில் பெயருக்கு நடுவில் ஒரு 'டி' சேர்த்துக்கொண்டார். கோட்டையைக் கட்டிய நார்மன் பிரபு ஃபுல்க் தன்னுடைய நேரடி மூதாதை என்றார். ஆதாரம் கேட்டோம். பக்கவாட்டில் திரும்பி மூக்கைக் காட்டினார்.

அவருக்கு ஒரே ஆசைதான் பாக்கி. மாவட்டத்தில் வருஷா வருஷம் நடக்கும் சுத்தமான கிராமம் போட்டிக் கோப்பையை, மூதாதையின் கோட்டைச் சுவருக்கு அடியில் நின்று, பக்கத்து விஸ்டன்புரூக்காரர்கள் பார்க்கப் பார்க்க வாங்க வேண்டும். விஸ்டன்புரூக்கில் கோட்டை கிடையாது, பூந்தொட்டிகள்தான். ஆனாலும் கோப்பை வருஷா வருஷம் அங்கேயே தங்கியது. போன தடவை நடுவர் எங்களைத் தோற்கடித்த காரணத்தையும் எழுதியிருந்தார்: பொதுக் கழிப்பறை நன்று, கோட்டைதான் கொடி மண்டிக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

கமாண்டர் இதைக் கிராமக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். கோட்டையைச் சுத்தம் செய்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. இடிந்து கிடப்பதற்கென்றே பேர்போன ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லையே என்று வெட்கப்பட்ட ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நடுவர் யார், என்றைக்கு வருவார் என்பது ரகசியம். ஜூலையில் எந்த நாளும் வரலாம். அதனால் ஜூலை பிறந்த முதல் சனிக்கிழமையே மேட்டில் ஏறினோம். கமாண்டர் நின்றபடி உத்தரவு போட்டார். ஐவிக் கொடி ஒவ்வொன்றும் தொடை கனம். வேர்கள் கல்லிடுக்கெல்லாம் புகுந்து இறுகியிருந்தன. வெட்டினோம், அறுத்தோம். மிச்சத்தை மேவிஸ் டிராக்டரில் சங்கிலி பூட்டி உருவினாள். சுவர் முடிவெட்டிக்கொண்டு வந்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நின்றது. கமாண்டர் தொப்பியைக் கழற்றினார்.

எல்லோரும் கீழே இறங்கி முட்டை சாண்ட்விச்சைக் கையில் எடுத்தபோது சுவர் உட்கார்ந்தது. விழுந்தது என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் அமர்வதுபோல் மெதுவாக, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. இத்தனை காலமும் கொடியைச் சுவர் தாங்கவில்லை, கொடிதான் சுவரைத் தாங்கியிருக்கிறது.

மேவிஸ் முதலில் ஆடுகளைப் பார்த்தாள். எல்லாம் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கமாண்டர் புல்லில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"கோப்பை போச்சு மேவிஸ். ஃபுல்க் பிரபு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அவர் செத்து ரொம்ப நாளாச்சுங்க, கமாண்டர். விஸ்டன்புரூக்காரன் முகத்துல முழிக்கிறதுதான் கஷ்டம். நடுவர் வந்து பாக்கறதுக்குள்ள கல்லை அள்ளிடலாம், எந்திரிங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஊர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கோட்டைக் கல்லை அள்ளிக்கொண்டு போவது ஒன்றுதான் எங்கள் பரம்பரையில் வாரிசு அற்றுப்போகாத கலை. ஊரில் சரிந்திருந்த மதில்கள் எல்லாம் மதியத்துக்குள் நிமிர்ந்தன. அந்த வழியாக வந்த ஒரு அம்மாள் காரை நிறுத்தி, வீட்டு மீன்குளத்தோரம் வைக்க ஒரு கல் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஜன்னல் வளைவிலிருந்து செதுக்குவேலை செய்த கல்லாகப் பார்த்து மேவிஸ் தேர்ந்தெடுத்தாள்.

"ரெண்டா எடுத்துக்குங்கம்மா. ஒத்தையா வெச்சா எடுபடாது."

காரின் பின்புறம் தரையைத் தொட்டபடி போயிற்று. சாயங்காலம் மேடு மொழுமொழுவென்று பச்சையாக இருந்தது.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கோப்பை எங்களுக்கு. இடிபாடுகள் எதுவும் இன்றி, மதில்கள் அக்கறையோடு பராமரிக்கப்பட்ட கிராமம் என்று நடுவர் பாராட்டியிருந்தார். பரிசளிப்பன்று நடுவர் காரிலிருந்து இறங்கினார். மீன்குளத்து அம்மாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் மேகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

கமாண்டர் வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். அடியில் நிற்கச் சுவர் இல்லாத இடத்தில் கோப்பை எதற்கு என்று மூன்று நாள் வீட்டுக்குள் இருந்தார். கடைசி நிமிஷத்தில் பதக்கங்களோடு வந்து, மேட்டில் ஏறி, கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். ஃபுல்க் பிரபு இந்தக் கோட்டையைத் தனக்காகக் கட்டவில்லை, பிற்காலத்தில் எளிய மக்கள் நல்ல மதில்களோடு வாழ வேண்டும் என்றே கட்டினார், அந்தக் கனவை நிறைவேற்றும் பொறுப்பு தன் தலைமையில் முடிந்தது என்று பேசினார். முதலில் கை தட்டியவர் நடுவர்தான்.

விஸ்டன்புரூக்காரர்களும் வேறு வழியில்லாமல் கை தட்டினார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. விருந்துக்கு வைத்த ஆப்பிள் சைடர் சூடாகிறதே, யாராவது அவரை இறக்குங்கள் என்றேன். மேவிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு, பேசட்டும். இத்தனை நாளா அந்தச் சுவர் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குத்தான் மனுஷன் ஊருக்கே தெரியறார்."