கடைசி பிஸ்கட்

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்:

நான், நெவில் ஸ்டப்ஸ். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோயாளி. மீன் தொழிற்சாலையின் இரவு வேலையிலிருந்து கழன்றுகொண்டவன். அதற்குப் பிறகு எதிலும் ஒட்டாதவன்.

என் அக்கா கிளெனிஸ். டான்காஸ்டரில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை. எனக்காகச் சம்பளமில்லாத விடுப்பில் வந்திருக்கிறாள். அவளுடைய முதலாளியின் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

பிலிப்பா கார்சைட். நான் சொல்வது உண்மையா என்று பார்க்க அரசாங்கம் அனுப்பிய பெண். மடியில் கணினி.

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட். அவன் அறையில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். கிரிம்ஸ்பியில் எங்கள் தெருவின் சுவர்கள் மெல்லியவை. நாங்கள் இருமினால் அவன் தண்ணீர் குடிப்பான். அதனால் அவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைத்தால், என்னைக் கவனித்துக்கொள்ளும் அக்காவுக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. அவள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவள் டான்காஸ்டருக்குத் திரும்ப வேண்டும். என் உடம்புக்குச் சர்க்கரை இறங்குவதை உணரும் புத்தி எப்போதோ போய்விட்டது. மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு எதுவும் தெரியாது, நேராக விழுவேன். தனியாக இருந்தால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டேன். இதில் சோகம் ஒன்றுமில்லை, குழாய் கசிகிறது என்பதைப் போல ஒரு தகவல்.

பிலிப்பா வந்து கேள்வி கேட்கும் இந்தத் தேர்வுக்கு எனக்குப் பாடம் எடுத்தவன் டெஸ்மண்ட். முதுகுவலிக்காக இரண்டு முறை தோற்று, மேல்முறையீட்டில் வென்றவன். அவள் வருவதற்கு முந்தின நாள் மதியம் கொல்லைப்புற வேலிக்கு மேலே தலையை நீட்டி ஆரம்பித்தான்.

"சவரம் பண்ணாத."

"சரி."

"வீட்டைக் கூட்டாத. சட்டையை மாத்தாத. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத."

"வேற என்ன சொல்றது?"

"எப்படி இருக்கியோ அதைச் சொல்லுடா."

"முன்ன பின்ன தெரியாதவங்ககிட்டயா?"

டெஸ்மண்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அப்புறம் ஒண்ணு. செத்தாலும் அவளுக்கு டீ போட்டுக் கொடுக்காத. நீ கெட்டிலைத் தூக்கின அந்த நிமிஷமே, இவன் சமைப்பான், துவைப்பான், கப்பல்கூட ஓட்டுவான்னு எழுதிடுவா."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுநாள் காலை எழுந்ததும் சவரம் செய்தேன். இரண்டு முறை. கம்பளத்தைத் தட்டினேன், கண்ணாடியைத் துடைத்தேன், இறுதிச் சடங்குகளுக்கு மட்டும் போடும் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். கிளெனிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா இது, கல்யாணமா?"

"வீட்டுக்கு ஆள் வராங்க இல்ல."

"உன்னால முடியலைன்னு பார்க்கத்தான்டா வராங்க."

"முடியலைன்னா அழுக்கா இருக்கணுமா?"

என் வாழ்க்கையிலேயே, எதுவும் செய்யத் தெரியாதவனுக்கு மதிப்பெண் தருகிற ஒரே தேர்வு இது. பள்ளியில் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டவன் நான். இதிலாவது முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அதற்கும் விடிந்ததும் இஸ்திரி போடும் ஆளாகப் பார்த்துக் கடவுள் என்னைப் படைத்திருக்கிறார்.

பிலிப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிளெனிஸ் எனக்கு ஹாம் சாண்ட்விச் செய்து வைத்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள். நான், போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டிய இன்சுலினை வயிற்றில் போட்டுக்கொண்டு தட்டைக் கையில் எடுத்தேன். அழைப்புமணி அடித்தது. சீக்கிரமே வந்துவிட்டாள்.

விருந்தாளிக்கு எதிரில் வாயில் சாண்ட்விச்சோடு நிற்பவன் மனிதனா? தட்டை அப்படியே ஓவன் அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். என் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை இறங்கினால் செல்போனில் அலறும். பேசும்போது அலறினால் அசிங்கம். செல்போனை அணைத்து ரொட்டி டப்பாவில் போட்டேன். உயிரைக் காப்பாற்றக்கூடிய இரண்டையும் மரியாதையாக மூடி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"மிஸ்டர் ஸ்டப்ஸ்? நான் பிலிப்பா. எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன். வாங்க, வாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அவளுடைய நீல நிற மேல்கோட்டை வாங்கி மாட்டினேன். உட்கார வைத்தேன். குளிராக இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு, என்னைப் பெற்றவர்கள் வளர்த்த விதம் அப்படி, நேராகச் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைத் தூக்கினேன். நல்ல கோப்பைகள், பால், தட்டு நிறைய கிரீம் பிஸ்கட். எல்லாவற்றையும் ட்ரேயில் அடுக்கி, கொஞ்சமும் சிந்தாமல் கொண்டு வந்தேன். அவள் கணினியில் ஏதோ தட்டினாள். கிளெனிஸ் மாடியிலிருந்து வந்தவள் என் கையில் இருந்த ட்ரேயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னைக் கொன்று புதைத்துவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

விருந்தாளி எதிரே என்ன சொல்வது? உங்களால்தான் சாப்பிடவில்லை என்றா?

"சாப்பிட்டேன்."

கேள்விகள் ஆரம்பித்தன.

"சமைக்க முடியுதா?"

"ஏதோ சமாளிக்கிறேன்."

"குளிக்கறது?"

"அதுக்கென்ன, சமாளிக்கிறேன்."

"பொய் சொல்றான்," என்றாள் கிளெனிஸ். "போன மாசம் தொட்டியிலேயே மயங்கிக் கிடந்தான். நான்தான் கதவை உடைச்சேன்."

"தாழ்ப்பாள் ஏற்கெனவே லொடலொடன்னு இருந்துச்சு," என்றேன் பிலிப்பாவிடம், அவள் மனம் சங்கடப்படக் கூடாது என்று.

"சர்க்கரை இறங்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"பெரும்பாலும்," என்றேன். அப்போது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை இறங்குவதை கிளெனிஸ் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. நான் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பிப்பேன். சாதாரணமாக நான் உர்ரென்று இருக்கிற ஆள். "தயவுசெய்து", "ரொம்ப நன்றி" என்று என் வாயில் வந்தால், அவள் உடனே ஜூஸ் பாட்டிலைத் திறந்துவிடுவாள். அன்றைக்கு நான் வாசலிலிருந்தே மரியாதையில் மிதந்துகொண்டிருந்ததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பேசிப் பேசி பிஸ்கட் தீர்ந்துகொண்டே வந்தது. பிலிப்பா சில தின்றாள். கிளெனிஸ் படபடப்பில் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொண்டிருந்தாள். நான் தொடவில்லை. விருந்தாளிக்கு வைத்தது. கடைசியில் தட்டில் ஒன்று மட்டும் இருந்தது.

என் மூளை எங்கோ போய்க்கொண்டிருந்தாலும் உடம்பு அந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பிலிப்பா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"எடுத்துக்கோங்களேன்."

"ஐயோ, வேண்டாம். நீங்க எடுத்துக்கோங்க."

"எனக்குப் போதும். நீங்க."

"இல்லவே இல்ல. நீங்கதான்."

எங்கள் ஊரில் தட்டில் இருக்கும் கடைசி பிஸ்கட்டை எடுத்தவனைப் பற்றி அவன் சவப்பெட்டியை இறக்கும்வரை பேசுவார்கள். சாகக் கிடக்கிறவன்கூட எடுக்க மாட்டான். நான் சாகத்தான் கிடந்தேன். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. கிளெனிஸும் டெஸ்மண்டும் சொல்லித்தான் தெரியும். தெருவே சொல்லித் தெரியும் என்பதே சரி.

பிலிப்பா கணினியை மூடினாளாம். நான் எழுந்து நின்று, கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி, நேரமாச்சு, நான் கிளம்பறேன். ரொம்ப நல்லா கவனிச்சீங்க," என்றேனாம்.

நான் அவளைக் கிளப்பிவிடுவதற்காகக் குத்திப் பேசுகிறேன் என்று நினைத்து கிளெனிஸ் காலால் என்னை மிதித்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க வீடு ரொம்ப அழகா இருக்கு, மேடம்," என்றேன். பிலிப்பாவிடமும் கை குலுக்கினேன். கொக்கியிலிருந்து அவளுடைய நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோளில் இறுக்கமாக இருந்திருக்கும். கதவைத் திறந்து தூறலில் இறங்கிப் போய்விட்டேன்.

வெளியே டெஸ்மண்ட் குப்பைத் தொட்டியைக் கழுவுகிற சாக்கில் வாசலில் நின்றிருந்தான். பெண்கள் கோட்டில், இடுப்புப் பட்டையை ஆட்டிக்கொண்டு நான் வருவதைப் பார்த்திருக்கிறான்.

"அடப்பாவி!" என்று கத்தினான். "கொன்னுட்டடா நெவ்! இதை நான்கூட யோசிக்கல!"

நான் அவனுக்குத் தலை வணங்கி, "வணக்கம் ஐயா, பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போறது?" என்றேன். பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருக்கிறவன்.

டெஸ்மண்ட் கை தட்டினான். "இன்னும் கொஞ்சம் தள்ளாடு! உள்ளேருந்து பார்க்கறா!"

நான் நன்றாகவே தள்ளாடி, அவன் வீட்டுக் குட்டைச் சுவரில் மோதி, நடைபாதையில் உட்கார்ந்தேன். பிறகு சாய்ந்தேன். டெஸ்மண்ட் விசில் அடித்தான். செருப்பில்லாமல் ஓடி வந்த கிளெனிஸ் அவனைத் தள்ளிவிட்டாள்.

"நடிப்பில்லடா முட்டாளே! ஜூஸ் கொண்டா! ஓடு!"

எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது ஆரஞ்சு ஜூஸ், சட்டை முழுக்க. அடுத்து கிளெனிஸ், ஈரத் தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் பிடித்திருந்தாள். டெஸ்மண்ட் தன் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பிலிப்பா கோட்டில்லாமல் மழையில் நின்றாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?" என்றாள்.

"வேண்டாம், ஏறுது," என்றாள் கிளெனிஸ். "எங்கடா சாப்பிட்ட? பொய்தானே?"

"அடுப்புல இருக்கு."

பிலிப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நான் எழுதி முடிச்சுட்டேன், மிஸ்டர் ஸ்டப்ஸ். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். சமாளிக்கிறார்னு. இப்போ திரும்ப ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உங்க அக்கா இன்னிக்கு இங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?"

"சமாளிச்..." என்று ஆரம்பித்தது என் வாய். பழகிப்போன வாய்.

கிளெனிஸ் என் சட்டையிலிருந்த ஜூஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் 'பொய்' என்று குறுக்கிட்டிருந்தால் எனக்கு மறுத்துப் பேச வசதியாக இருந்திருக்கும். அவள் காலுறை நனைந்து, பெருவிரல் வெளியே தெரிந்தது. அறுபதை நெருங்கும் ஒரு பெண், எனக்காகத் தெருவில் அப்படி உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் எனக்கு மரியாதை என்ன வேண்டியிருக்கிறது?

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருப்பேன்," என்றேன். "அங்க சாஞ்சிருப்பேன். குடிச்சிருக்கான்னு எல்லாரும் தாண்டிப் போயிருப்பாங்க. நானா இருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன். அப்புறம் செத்திருப்பேன். இவ டான்காஸ்டர் போனா நான் செத்துருவேன். எனக்கு முடியல. எதுவும் முடியல. தனியா டீ போடறதுகூட, போட்டு முடிக்கிறவரைக்கும் நின்னுட்டு இருப்பேனான்னு தெரியாமதான் போடறேன்."

இவ்வளவு நீளமாக நான் உண்மை பேசியதில்லை. அவமானமாக இருந்தது. சர்க்கரை ஏறியதும் முதலில் திரும்பி வருவது அதுதான்.

பிலிப்பா எழுந்தாள். "உள்ள போலாம். முதல்லேருந்து எழுதணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "என் கோட்டு..." என்றாள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றேன்.

கிளெனிஸ் உடனே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி இறங்குகிறதோ என்று.

கோடையின் தொடக்கத்தில் முடிவு வந்தது. உதவித்தொகை உண்டு. கிளெனிஸ் கேன்டீனுக்குப் போன் செய்து, அந்த முதலாளியிடம் பல வருடமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி வேலையை விட்டாள். அவளுடைய பெட்டிகள் பின்னறைக்கு வந்தன. டெஸ்மண்ட் தன் மாணவன் ஜெயித்ததாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்குச் சமைக்கத் தெரியாது, தனியாகக் குளிக்கக் கூடாது, துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருடம் நான் மறைத்து வைத்ததை முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டது நான்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை கிளெனிஸ் மருந்துக் கடைக்குக் கிளம்பினாள். நானும் சட்டையை எடுத்தேன்.

"நீ எங்க?"

"உன்கூட. காத்து வாங்கலாம்னு."

"அன்னிக்குச் சுவத்துல மோதினதுல வந்த கால் புண்ணு உனக்கு இன்னும் ஆறல. பேசாம உக்காரு. ஜூஸ் மேசை மேல இருக்கு. ஏதாவதுன்னா சுவத்துல தட்டு, டெஸ்மண்ட்கிட்ட ஒரு சாவி கொடுத்திருக்கேன்."

"சாவியா? என்னை வெச்சுப் பூட்டப் போறியா?"

"ஆமா."

"நான் என்ன நாயா?"

"நாய்னா கூடவே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் சொல்லியும் இருப்பேன். ஆனால் என்னால் முடியாது என்று நானே தெருவில் உட்கார்ந்து சொன்னேன், அதை எழுதிக்கொண்டவர்களும் நம்பிவிட்டார்கள். அவள் மட்டும் ஏன் நம்பக் கூடாது?

"சீக்கிரம் வா," என்றேன்.

"வரேன்," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து சாவி ஒரு சுற்று திரும்பியது.