தோளில் ஒரு சாண் குறைவு

நாற்பத்தொரு வயதில் எமில்டாவுக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்தது. வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சின்ன வயதில் வீட்டில் எல்லோருக்கும் வந்தபோது அவளை எட்டியும் பார்க்காத வருத்தம், 1996 தை மாதக் குளிரில் ரொறொன்ரோவுக்குத் தேடி வந்து பிடித்தது. இரண்டு கிழமை வேலைக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு கிழமைக்குள் அவளுடைய கதிரை பறிபோனது.

கதிரை என்றால் வேலை இல்லை. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவள் வேலை செய்த தையல் ஃபக்டரியில், லஞ்ச் ரூம் மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசையில், அபெனாவுக்கு எதிரே இருக்கிற கதிரை. அபெனா கானாவில் குமாசி நகரத்துக்காரி. அயன் பிடிக்கிற பகுதியில் வேலை. ஆறு வருசமாக இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சாப்பாடு. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற கருவாட்டுக் குழம்பை அபெனா கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். நிலக்கடலை அரைத்து அவள் வைக்கிற கச்சான் குழம்பின் உறைப்பில் எமில்டாவுக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடும். எமில்டாவின் இங்கிலிஷ் அரைகுறை, ஆனால் அபெனாவுக்கு அது முழுதாக விளங்கும். புருசனுக்கே சொல்லாத கதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தாள். இந்தக் கனடாவில் எமில்டாவுக்குச் சிநேகிதி என்று இருந்தது அந்த ஒருத்திதான்.

புண் காய்ந்து திரும்பி வந்த திங்கட்கிழமை பார்த்தால், கதிரையில் அன்ரனெற். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெட்டை, இருபத்திமூன்று வயது. மேசை நிறையப் பச்சைத் துணி. இரண்டு பேரும் தலை முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி, வந்திட்டீங்களோ! முகத்திலை தழும்பு பெரிசா ஒண்டும் இல்லை."

அன்ரியாம். பெரிசா இல்லையாம். எமில்டா சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் பால் திரைந்திருக்கும்.

விசயம் இதுதான். அபெனாவின் தம்பி கோஃபி பஃபலோவில் படித்துவிட்டுக் குமாசிக்குத் திரும்பிப் போனவன். போகும்போது ஒரு பந்தைக் கொண்டு போனான். நாங்கள் காலால் அடிக்கிற பந்து இல்லை. முட்டை வடிவத்தில் ஒன்று. ஒருத்தன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் ஆள்மேல் ஆளாய் விழுந்து மறிக்கிற அமெரிக்க விளையாட்டு. முதல் வருசம் அவனையும் பந்தையும் பார்த்து ஊரே சிரித்ததாம். இப்போது இருபத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் சனம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறதாம். அக்ராவிலும் ஒரு குழு தொடங்கப் போகிறார்கள். பஃபலோ பள்ளிக்கூடம் ஒன்று பழைய ஹெல்மெற்றும் தோள் கவசமும் கொடுத்திருந்தது. உடுப்பு மட்டும் இல்லை. ஜேர்சிக்கு அளவெடுத்துக் கடிதத்தில் அனுப்பியிருந்தான்.

"நீ வருத்தமாகக் கிடந்தாய். உன்னைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்றுதான் இந்தப் பிள்ளையைக் கேட்டேன்," என்றாள் அபெனா.

கேட்டால் என்ன, செத்தா போயிருந்தாள்? ஒரு போன் எடுத்திருந்தால் புண்ணோடு புண்ணாக இருந்தே தைத்துக் கொடுத்திருப்பாளே! எமில்டாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சண்டை நடக்கிற யாழ்ப்பாணத்துக்கு ஒரு சவர்க்காரக் கட்டி அனுப்பவே நாய்படாப் பாடு. இவளோ தம்பியின் விளையாட்டுக்குப் பீப்பாய் மாதிரிப் பெரிய பரல்களில் சாமான் அனுப்புகிறாள். சரி, அனுப்பட்டும், அது அவளுடைய நாடு. ஆனால் அந்தப் பரலுக்குள் போகிற தையல் தன்னுடையதாக இருக்க வேண்டாமா?

அன்ரனெற் தைத்து முடித்த முதல் ஜேர்சியை அபெனா விரித்துப் பிடித்தாள். பச்சையில் வெள்ளை இலக்கம், ஏழு. தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

"எமில்டா, நீதான் பெரிய தையல்காரி. சொல்லு, சரியா?"

எமில்டா ஒரு பார்வைதான் பார்த்தாள். தோளில் ஒரு சாண் குறைவு.

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் கொப்பளிப்பானின் உபயம். அந்த இரண்டு கிழமையும் புருசன் அருள்நாயகம் டிவியில் பஃபலோ சனலைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்குவான். சொறியக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு அவள்தான் அந்த முட்டைப் பந்து ஆட்டம் முழுதையும் பார்த்தாள். வெறும் தோளோடு எவனும் விளையாடுவதில்லை. ஆமை ஓடு மாதிரி ஒரு கவசத்தைப் போட்டு, அதற்கு மேலேதான் ஜேர்சியை இழுத்து மாட்டுவார்கள். கோஃபியின் பொடியன்கள் வெறும் உடம்புக்கு அளவெடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்ரனெற் அந்த அளவுக்கே வெட்டியிருந்தாள். கவசத்துக்கு மேலே இது ஏறவே ஏறாது.

சொல்ல வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அன்ரனெற் அபெனாவின் கிண்ணத்திலிருந்து கச்சான் குழம்பைத் தொட்டு நக்கினாள். எமில்டாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"நல்ல வடிவா இருக்கு. வெரி குட்," என்றாள்.

கிடந்து படட்டும் என்று நினைத்தாள். இருபத்திரண்டும் கப்பல் ஏறிப் போகட்டும். ஒன்றும் ஏறவில்லை என்று கடிதம் வரட்டும். அப்போது தெரியும் யார் தையல்காரி என்று.

மூன்று கிழமை, ஒவ்வொரு மத்தியானமும் அவளுக்குச் சந்தர்ப்பம் வந்தது. ஒவ்வொரு மத்தியானமும் அவள் புட்டைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்தாள். "அன்ரி, கழுத்தைக் கொஞ்சம் பாருங்கோ" என்று அந்தப் பெட்டை நீட்டும். "கழுத்து நல்லாயிருக்கு பிள்ளை" என்பாள். பொய் இல்லையே, கழுத்து நல்லாய்த்தான் இருந்தது. பரலை மூடுகிற அன்று மூடி பொருந்தவில்லை. பாரமான ஆள் என்று அபெனா அவளைத்தான் கூப்பிட்டு மேலே இருத்தினாள். அந்த உடுப்புகளுக்கு மேலே ஏறி இருந்துகொண்டு எமில்டாவும் சிரித்தாள். தவக் காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது எல்லாவற்றையும் சொன்னாள். இதை மட்டும் விட்டுவிட்டாள்.

வைகாசியில் கடிதம் வந்தது. உள்ளே ஒரு படமும் இருந்தது. அபெனா மேசையில் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். எமில்டாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. சந்தோசத்தில்தான்.

"கவசத்துக்கு மேலே உடுப்பு ஏறவில்லை," என்று அபெனா வாசித்தாள். அன்ரனெற்றின் முகம் செத்துப்போனது. எமில்டா தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். அபெனா ஒரு தாளைப் புரட்டிப் பின்னால் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "அதனால் கோஃபி கத்திரிக்கோல் எடுத்து, கமக்கட்டிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் வெட்டி, சப்பாத்து லேஸ் கோத்துக் கட்டிவிட்டான்."

படத்தைக் காட்டினாள். பச்சை ஜேர்சி போட்ட பெரிய பெரிய ஆம்பிளைகள். பக்கத்தில் வெள்ளை லேஸ் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. பார்க்க, வேண்டுமென்றே செய்த ஸ்டைல் மாதிரித்தான் இருந்தது. குமாசி வெயிலுக்கு அந்த வெட்டு வழியே நல்ல காற்று வருகிறதாம். பார்த்த சனத்துக்கெல்லாம் அதில் ஆசையாம். அக்ரா குழுவும் அதே மாதிரி வேண்டும் என்கிறதாம். கேப் கோஸ்ற்றில் மூன்றாவது குழுவும் சேர்ந்துவிட்டது, அவர்களுக்கும் வேண்டுமாம். இன்னும் நாற்பத்துநாலு ஜேர்சி, அன்ரனெற் தைத்த மாதிரியே!

"ஐயோ அன்ரி, நான் பிழை விட, உவங்கள் அதைப் போய்..." அன்ரனெற் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். அபெனா அவளை இழுத்துக் கட்டிப்பிடித்தாள்.

பிழை விட்டவளுக்குக் கட்டிப்பிடி! ஆறு வருசத்தில் எமில்டாவை ஒரு நாளாவது அப்படிப் பிடித்திருக்கிறாளா? அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"அது பிழையெண்டு எனக்கு அப்பவே தெரியும்!" என்று இங்கிலிஷில் கத்தினாள். "முதல் நாளே தெரியும்! தோள் காணாதெண்டு பார்த்த உடனே தெரியும்!"

லஞ்ச் ரூம் முழுதும் திரும்பிப் பார்த்தது. அன்ரனெற்றைப் பிடித்திருந்த கையை அபெனா மெல்ல எடுத்தாள்.

"முதல் நாளே?"

எமில்டாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

"சரியா என்று நான் உன்னிடம்தானே கேட்டேன், எமில்டா," என்றாள் அபெனா. குரல் உயரவில்லை. "வேறு யாரிடமும் கேட்கவில்லை."

பிறகு, பின்னால் ஒதுக்கிய தாளை எடுத்து எமில்டாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதை நான் வாசிக்கவில்லை. இந்தப் பிள்ளை தாங்கமாட்டாள் என்று விட்டேன். நீ வாசி."

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். முதல் ஆட்டம். பார்க்க எழுநூறு பேர் வந்திருந்தார்கள். புது உடுப்பைப் போட்டுக் காட்டாமல் விடுவதா என்று கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். கோஃபிக்கு இடது காறை எலும்பு முறிந்தது. இனி இந்த வருசம் அவன் விளையாட முடியாது. கத்திரிக்கோல் எடுத்தது அதற்குப் பிறகுதான், ஒற்றைக் கையால். அக்காவுக்குக் கடைசி வரி: தைத்த பிள்ளையிடம் இதைச் சொல்லாதே, பாவம், அவளுக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்தவள் தாளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வயிற்றில் எரிந்ததெல்லாம் அணைந்து, வெறும் வெட்கம்தான் மிஞ்சியது.

"அன்ரி, என்ன எழுதியிருக்கு? எனக்கு உந்தக் கையெழுத்து விளங்கேல்லை. என்னைப் பற்றியோ?"

ஒன்றுமில்லை பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அபெனான்ரை தம்பிக்கு எலும்பு முறிஞ்சு போச்சு பிள்ளை," என்றாள் எமில்டா. "நீ தைச்சதாலை இல்லை. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லேல்லை. உன்னிலை எரிச்சல். அதுதான் சொல்லேல்லை."

எமில்டா அதையே அபெனாவுக்கு இங்கிலிஷில் சொல்ல நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. அபெனா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.