கழட்டி

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டது.

வண்டியோடு வந்த ஆட்கள் இருவரும் கீழ்ப்படியில். மாமாவும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் மேல்படியில். ஒருபுறம் சுவர், மறுபுறம் இரும்புக் கைப்பிடி. இறக்கினால் பெட்டியின் மூலை சுவரைப் பிறாண்டியது. ஏற்றினால் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. கால்மணி நேரமாக இதே கதைதான்.

“நட்டமா நிறுத்தித்தான் திருப்பணும்,” என்றார் வண்டி ஆட்களில் மூத்தவர். “வேற வழியில்ல.”

மேலே வாசற்படியில் நின்றிருந்த அம்மா அன்று காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“நிறுத்தாதீங்க. அவருக்குத் தலை சுத்தும்.”

பெட்டியைப் படியிலேயே சாய்த்து வைத்தார்கள். தையல்காரர் தன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணை வெகுநேரம் துடைத்தார்.

நட்டு திருப்பத்து ஜன்னலோரம் ஒடுங்கி நின்றாள். நட்டு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கெட்டியாக இருந்தாளாம். அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. அப்பா போனபின் அந்தப் பெயரைச் சொல்ல மாமாவும் அம்மாவும்தான் மிச்சம்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். எதிர்ப்பக்கத்துக் குட்டைச் சுவரில் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்த ஐந்து பேரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேஸ்திரி, அவருக்கு இந்தப் பக்கம் கிரேன்காரர், அந்தப் பக்கம் எண்ணெய்க்காரர். மற்ற இருவரும் அப்பாவோடு தகடு அடிக்கும் ஒரே பிரஸ்ஸில் பதினெட்டு வருஷம் நின்றவர்கள். எட்டு மணிக்கு வந்தார்கள். மாடியேறவில்லை.

“வேடிக்கை பார்க்க வந்திருக்கானுங்க,” என்றார் மாமா. “பார்த்துட்டுப் போகட்டும்.”

நட்டுவுக்கு அது போதாது. அவர்கள் அழ வேண்டும், நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அப்பாமேல் ஒரு தடவை அவர்கள் கை பட வேண்டும். நாலு படியாவது தூக்க வேண்டும். அது நடக்காமல் அந்த வண்டிக் கதவு மூடிவிட்டால், பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அது மூடியதாகவே இருக்கும்.

தெருக்கோடியில் இருந்த தொழிற்சாலையில் சலவை இயந்திரங்களுக்கு உடம்பு அடித்தார்கள். ஒரு பக்கம் தகடு போகும், மறுபக்கம் பெட்டியாக வரும். பிரஸ் விழும் சத்தத்தில் பேச முடியாது என்பதால் அங்கே எல்லோரும் கையால் பேசினார்கள். பத்து வருஷத்தில் காதும் மந்தமாகிவிடும், பிறகு தெருவிலும் கைதான். அப்பா வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுவார். நட்டு பேச்சு வருவதற்கு முன்பே அந்தக் கைகளைப் படித்துவிட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே தகட்டை இதே மாதிரி அடிக்கக் கடல் தாண்டிய நாடொன்றில் பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. இயந்திரங்கள் கப்பலேறப் போகின்றன என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் வாசலை மறித்துப் படுத்தார்கள். ஒரு ஆணிகூட வெளியே போகாது என்றார்கள். பிரஸ்ஸைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவன் உள்ளே போகாதவரை அது உண்மையாகவும் இருந்தது. நாற்பதாம் நாள் அப்பா பின்வாசல் வழியாக உள்ளே போனார்.

“தெரியாதவன் கழட்டினா உடைச்சிடுவான்,” என்று மட்டும் அன்றைக்கு வீட்டில் சொன்னார். முழுக் காரணமும் அதுதானா என்று நட்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆறு வருஷம் இருந்தது.

கடைசி லாரி போனபின் யாரும் அவரோடு பேசவில்லை. அவர் தெருவில் போனால் மூன்று விரலைச் சேர்த்துத் திருகிக் காட்டுவார்கள். பட்டறையில் அதற்கு ‘கழட்டு’ என்று அர்த்தம். தெருவில் அது அவருக்குப் பெயராகிவிட்டது: கழட்டி. அப்பா திரும்பி எதுவும் காட்டமாட்டார். கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் சாப்பிடும்போது, மிஷின் போன ஊரில் இந்நேரம் வேறு யாருடைய காதோ மந்தமாகிக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, அதோடு எழுந்துவிட்டார்.

நேற்று நட்டுதான் மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். சாவுக்கு அந்தக் கைப்பேச்சில் வார்த்தை இல்லை. இரண்டு முஷ்டியையும் சேர்த்துவைத்துப் பிரித்தாள். மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். மேஸ்திரி தன் மணிக்கட்டைத் தொட்டு, எப்போது என்று கேட்டார். விரலால் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். படீரென்று அல்ல, சத்தமில்லாமல்.

இப்போது கீழே கைகள் அசைந்தன. தூக்கத் தெரியாத கூட்டம் என்றார் கிரேன்காரர். மிஷின் போன ஊரிலிருந்து ஆள் வந்து தூக்கட்டும் என்றார் எண்ணெய்க்காரர். மேஸ்திரியின் கைகள் முழங்காலில் கிடந்தன.

“நட்டமா நிறுத்திடலாம்மா, வண்டிக்கு நேரமாகுது,” என்று மூத்தவர் பெட்டியின் தலைப்பக்கத்தில் கை வைத்தார்.

நட்டு ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டினாள். தயவுசெய்து என்பதற்கும் மன்னிப்புக்கும் அந்தப் பேச்சில் எதுவுமில்லை. அரை நூல் அளவு மேலே, நிறுத்து, டீ, சூப்பர்வைசர் வருகிறான், இவ்வளவுதான். ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஒரு கையை மறு கையின் விரலிடுக்கில் செருகிக் காட்டினாள். டை சிக்கிக்கொண்டது. டை என்பது பிரஸ்ஸின் அடியில் பொருத்தும் இரும்பு அச்சு. கால் டன் கனம். அது சிக்கிவிட்டால் கீழே இருப்பவன் கை போய்விடும். அதனால் அந்தச் சைகையைப் பார்த்தவன், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும், காட்டியவன் பங்காளிப் பகையாளியாகவே இருந்தாலும், வந்தாக வேண்டும். பட்டறையில் அதற்கு விலக்கே கிடையாது.

அதைக் காட்ட அவளுக்கு உரிமையில்லை. அவள் ஒருநாளும் பட்டறையில் நின்றவளல்ல. காட்டியபடியே இருந்தாள்.

மேஸ்திரி எழுந்தார்.

ஐந்து பேரும் படியேறி வந்தபோது மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி அவரைப் பார்க்கவேயில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. திருப்பத்தைப் பார்த்தார். சாண் வைத்து அகலம் அளந்தார். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். அதன் அடியில் நாலு போல்ட்டு இருந்தது. பிறகு எண்ணெய்க்காரர் பக்கம் திரும்பி மூன்று விரலைச் சேர்த்துத் திருகினார்.

எண்ணெய்க்காரர் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேஸ்திரியும் தன் விரல்களைப் பார்த்தார். ஒரு கணம் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

கிரேன்காரர் இறங்கிப்போய் பைக்கிலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்தார். எண்ணெய்க்காரர் குந்தி உட்கார்ந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். துரு பிடித்திருந்தது, வரவில்லை. பலமாக ஒரு தட்டு தட்டினார்.

“நிதானமா,” என்றார் மேஸ்திரி வாயைத் திறந்து. தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் உரத்த, ஏற்ற இறக்கமில்லாத குரல் படிக்கட்டு முழுவதும் ஒலித்தது. “உடைச்சிடாத.”

அம்மா மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கைப்பிடி வந்துவிட்டது. வண்டி ஆட்களை விலகச் சொல்லி ஐந்து பேரும் பிடித்தார்கள். மேஸ்திரி மட்டும் முன்னால், பின்பக்கமாகப் படியிறங்கினார். திருப்பத்தில் மேலே இருப்பவர்களுக்கு அவர் கை தெரியாது. யாரும் சொல்லாமலே நட்டு மூலையில் நின்று, அவர் ஒற்றைக் கையால் காட்டியதைப் பார்த்து மேலே காட்டினாள். அரை நூல் இடது. நிறுத்து. மேலே. இன்னும் மேலே. விடு. பெட்டி கைப்பிடி இருந்த வெற்றிடத்தின்மேல் மெதுவாகத் திரும்பியது. சுவரில் படவில்லை. கிடந்தவாக்கிலேயே அப்பா மூன்று மாடியும் இறங்கினார்.

வண்டிக்குள் பெட்டியை வைத்ததும் நட்டு அவர்களுக்கு ஏதாவது காட்ட நினைத்தாள். கைகள் எழுந்தன, அவற்றுக்கு எதுவும் தெரியவில்லை. வண்டிக்குள் நாலைந்து பேர் உட்கார இடமிருந்தது. வருகிறீர்களா என்று மாமா கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. யாரும் ஏறவில்லை. கிரேன்காரர் கைப்பிடியைத் திரும்ப மாட்ட மேலே போய்விட்டார்.

சந்து குறுகல், வண்டி பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். மேஸ்திரி பின்னால் நடந்து கை காட்டினார். வா. வா. இடது. பெரிய தெரு வந்ததும் நடுவில் போய் நின்று, வருகிற போக்குவரத்தைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் லாரிகள், பைக்குகள். வண்டி தெருவில் இறங்கி, நிமிர்ந்து, முன்னால் நகர்ந்தது.

நட்டு வண்டியின் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். வண்டிக்கு வழி எப்போதோ கிடைத்தாயிற்று. ஹாரன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறின. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். வண்டிக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்த மேஸ்திரிக்கு அது எதுவும் கேட்கவில்லை. தெரு வளைந்து அவர் மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை.